கரண்ட் போனபின் நியூட்ரல் எங்கே நிற்கிறது? யூபிஎஸ், இன்வேர்ட்டர் எர்த் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022 மார்ச் முடிவில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள். அந்தக் காலத்திலிருந்து கிளிநொச்சி, மாங்குளம், முல்லைத்தீவு, வவுனியா என்று வன்னி முழுவதும் மருந்தகம், போட்டோக்கொப்பிக் கடை, பாடசாலைக் கணினி அறை, அரிசி ஆலை அலுவலகம் எல்லாவற்றிலும் யூபிஎஸ்ஸும் இன்வேர்ட்டரும் புகுந்துவிட்டன. 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுக்க கரண்ட் நின்றபோது அவைதான் கைகொடுத்தன. வாங்கும்போது பற்றரி எத்தனை மணித்தியாலம் தாங்கும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். பற்றரியில் ஓடும் நேரத்தில் பழுதான பெட்டியில் ஒரு பிள்ளை கை வைத்தால் ட்ரிப் சுவிச் விழுமா என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. கீழே இருப்பவை எல்லாம் அந்தக் கேள்வியைச் சுற்றியவை. 230 வோல்ட் ஒற்றை ஃபேஸ் இணைப்பை வைத்தே எழுதியிருக்கிறேன். படித்துப் புரிந்துகொள்ளுங்கள், மெயின் பெட்டிக்குள் கை வைக்கும் வேலையைத் தகுதிச் சான்றுள்ள வயர்மனிடம் விடுங்கள்.

நியூட்ரலும் எர்த்தும் கடைசியில் மண்ணுக்குத்தானே போகின்றன? ஏன் இரண்டு வயர்?

இரண்டும் மண்ணைத் தொடுவது உண்மை. ஆனால் தொடும் இடம் வேறு. மின்சார சபையின் டிரான்ஸ்போமரடியில் நியூட்ரலை மண்ணோடு இணைத்திருக்கிறார்கள். அங்கிருந்து கம்பத்தில் ஃபேஸும் நியூட்ரலும் மட்டும்தான் உங்கள் வீட்டுக்கு வருகின்றன. எர்த் வயரை அவர்கள் தருவதில்லை. உங்கள் வளவில் அடித்த எர்த் ரொட்தான் உங்கள் எர்த். இந்த முறைக்கு 'டிடி' என்று பெயர்.

நியூட்ரல் எந்நேரமும் வேலை செய்கிற வயர். ஃபேஸில் வந்த மின்னோட்டம் அதன் வழியாகத்தான் திரும்புகிறது. எர்த் வயரில் நல்ல நாளில் ஏறக்குறைய ஒன்றுமே ஓடக்கூடாது. பழுது வந்த அன்றைக்குத்தான் அதற்கு வேலை. ஆகவே டிடி முறையில் வீட்டுக்குள் எந்த இடத்திலும் நியூட்ரலை எர்த்தோடு சேர்க்கக்கூடாது. சேர்ப்பு டிரான்ஸ்போமரில் ஏற்கெனவே இருக்கிறது.

நல்ல எர்த் ரொட் இருந்தால் பிரேக்கரே விழுந்துவிடுமே. ட்ரிப் சுவிச் எதற்கு?

கணக்குப் பார்த்தால் தெரியும். உங்கள் ரொட்டின் தடை 18 ஓம், டிரான்ஸ்போமர் பக்க எர்த் 2 ஓம் என்று வைப்போம். வன்னி மண்ணுக்கு 18 ஓம் நல்ல ரொட்தான். குளிர்சாதனப் பெட்டியின் உடம்பில் ஃபேஸ் பட்டுவிட்டது. 230ஐ 20 ஆல் பிரித்தால் 11.5 அம்பியர். அதிகச் சுமைக்கும் ஷோர்ட்டுக்கும் மட்டும் விழும் 16 அம்பியர் பிரேக்கர் இதற்கு அசையாது. அது அசையாமல் நிற்கும் நேரம் முழுவதும் அந்தப் பெட்டியின் உடம்பு மண்ணிலிருந்து 207 வோல்ட் உயரத்தில் நிற்கும்.

30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் அப்படி இல்லை. ஃபேஸில் போனதும் நியூட்ரலில் திரும்பியதும் சமமா என்று மட்டுமே அது பார்க்கிறது. 11.5 அம்பியர் மண் வழியாகத் தப்பினால் கண் இமைக்குமுன் விழுந்துவிடும். டிடி முறையில் உயிரைக் காப்பது ரொட்டும் ட்ரிப் சுவிச்சும் சேர்ந்த சோடி. ஒன்று இல்லாவிட்டால் மற்றது பாதி.

யூபிஎஸ் பற்றரிக்கு மாறும்போது நியூட்ரலுக்கு என்ன நடக்கிறது?

முழு விஷயமும் இங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் ஆறுதலாக வாசியுங்கள்.

கரண்ட் இருக்கும்போது சாதாரண மேசை யூபிஎஸ், மெயின் கரண்டை அப்படியே கணினிக்கு விடுகிறது. நியூட்ரல் டிரான்ஸ்போமரில் எர்த் ஆகியிருக்கிறது. உங்கள் ட்ரிப் சுவிச் காவல் இருக்கிறது. கரண்ட் போனதும் உள்ளே ரிலே ஒன்று 'டக்' என்று மாறுகிறது. பிளக் கம்பியில் மின்சாரம் பின்னோக்கி வந்து யாரையும் அடித்துவிடக்கூடாது என்பதற்காக, பிளக்கில் செருகும் யூபிஎஸ் பலவற்றில் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் அந்த ரிலே கழற்றிவிடும். அந்த நிமிடத்தில் கணினிக்கு மின்சாரம் கொடுப்பது யூபிஎஸ். வெளியே வரும் இரண்டு முனைகளில் எதுவும் மண்ணோடு இணைந்திருக்காது. மிதக்கிறது என்று இதைத்தான் சொல்கிறோம்.

மிதக்கும்போது ஒரு முனை எர்த்தில் பட்டால் பெரிதாக ஒன்றும் நடக்காது, ஏனெனில் திரும்பி வர வழியில்லை. ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு யூபிஎஸ் என்றால் இதில் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் ஒரு பெரிய யூபிஎஸ்ஸிலிருந்து பத்து மேசைக்கு வயர் இழுத்திருந்தால் கதை வேறு. முதல் பழுது யாருக்கும் தெரியாமல் கிடக்கும். அப்புறம் இன்னொரு மேசையில் மற்ற முனை பழுதாகும். இடையில் எர்த் வயர் எங்காவது அறுந்திருந்தால் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே 230 வோல்ட் நிற்கும். இரண்டிலும் கை வைத்தவரை மெயின் பெட்டியிலுள்ள ட்ரிப் சுவிச் காப்பாற்றாது. அந்தச் சுற்றில் அது இப்போது இல்லவே இல்லை.

வீட்டு இன்வேர்ட்டர் சிலவற்றிலும், கரண்ட் இருக்கும்போதும் தன் இன்வேர்ட்டர் வழியாகவே மின்சாரம் தரும் டிரான்ஸ்போமர் இல்லாத ஒன்லைன் யூபிஎஸ்ஸிலும் நியூட்ரல் அறுபடாமல் உள்ளிருந்து வெளியே நேராகப் போகும். தெருவில் கரண்ட் நின்றாலும் நியூட்ரல் வயர் டிரான்ஸ்போமர் வரை தொடர்ந்திருப்பதால் எர்த் தொடர்பு இருக்கும். நல்லதுதான். ஆனால் மெயின் ட்ரிப் சுவிச் விழுந்ததால் கரண்ட் போயிருந்தால்? அது இரண்டு வயரையும் வெட்டும். அப்போது நியூட்ரலும் போய்விடும், வெளியீடு மிதக்கும். இடியோடு மழை பெய்யும் ஐப்பசி இரவில் இது நடக்கக்கூடியதே.

பற்றரியில் ஓடும்போது டெஸ்டர் இரண்டு துளையிலும் எரிகிறது. யூபிஎஸ் பழுதா?

பழுது இல்லை. மிதக்கும் வெளியீட்டின் அடையாளம் அது. மல்டிமீற்றரை எடுத்து ஒரு துளைக்கும் எர்த்துக்கும் இடையே அளந்தால் 110, 115 என்று ஏதோ காட்டும். மற்றத் துளையிலும் ஏறக்குறைய அதே அளவு. இரண்டு துளைக்கும் நடுவே அளந்தால் 230. மின் இரைச்சலை வடிகட்ட யூபிஎஸ்ஸிலும் கணினியிலும் ஒவ்வொரு முனையிலிருந்தும் எர்த்துக்குச் சின்னக் கொண்டென்சர்கள் போட்டிருப்பார்கள். அவை வோல்ட்டைச் சரிபாதியாகப் பங்கிடுகின்றன. உள்ளே ஓடக்கூடிய மின்னோட்டம் மிகச் சிறியது.

மெயினில் ஓடும்போது கதை மாற வேண்டும்: ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 230க்குக் கிட்ட, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒன்றிரண்டு வோல்ட். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஐந்தாறு வோல்ட்டுக்கு மேல் நிற்கிறதென்றால் இணைப்பு எங்கோ தளர்ந்திருக்கிறது, அல்லது நியூட்ரலில் சுமை அதிகம். மெயின் இருக்கும்போதே 115, 115 என்று காட்டினால் அந்தச் சுவர்ப் பிளக்குக்கு எர்த் வந்து சேரவில்லை.

வந்த வயர்மன் பிளக்குக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிட்டார். டெஸ்டர் இப்போது ஒரு பக்கம்தான் எரிகிறது. சரிதானே?

இன்றைக்கே கழற்றச் சொல்லுங்கள். இந்தப் பக்கத்தில் வேறு எதையும் வாசிக்காவிட்டாலும் இதை வாசியுங்கள்.

கரண்ட் இருக்கும்போது அந்தத் துண்டு வயர் வழியாக நியூட்ரல் மின்னோட்டத்தில் ஒரு பங்கு உங்கள் ரொட்டுக்குப் போகும். நியூட்ரலில் 2 வோல்ட், மண் வழியில் 20 ஓம் என்றால் 100 மில்லி அம்பியர். 30இல் விழும் ட்ரிப் சுவிச் நிற்குமா? விழுந்துகொண்டே இருக்கும். "ட்ரிப் சுவிச் பழுது" என்று அதைத் தவிர்த்து வயரை நேராக இணைத்துவிடுவார்கள். காவல் போய்விட்டது.

அதன்பிறகு ஒருநாள் கம்பத்தில் நியூட்ரல் அறுகிறது. உங்கள் சுமை ஒரு கிலோவாட் என்றால் அது மண் வழியாகத் திரும்ப முயலும். வீட்டு எர்த் வயர் முழுவதும் 60 வோல்ட்டை நெருங்கும். அறுந்த இடத்துக்கு இந்தப் பக்கம் அயல்வீடுகளும் இருந்தால் அவர்களுடைய மின்னோட்டமும் உங்கள் துண்டு வயரைத்தான் தேடி வரும். கிணற்று மோட்டார், குளிர்சாதனப் பெட்டி, கணினி என்று எர்த் போட்ட ஒவ்வொன்றின் உடம்பிலும் கரண்ட் நிற்கும். இன்னொன்று: சுவர்ப் பிளக்கில் ஃபேஸும் நியூட்ரலும் மாறிப் பூட்டியிருந்தால் அந்தத் துண்டு வயர் ஃபேஸை நேராக எர்த்தில் கொண்டுபோய் விடும். மீள்குடியேற்றத்துக்குப் பின் அறை அறையாகக் கட்டி, அவ்வப்போது வயர் இழுத்த வீடுகளில் இப்படி மாறிக் கிடக்கும் பிளக்கை நான் அடிக்கடி காண்கிறேன்.

அப்படியானால் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்க்கவே கூடாதா?

சேர்க்க வேண்டும். மின்சாரத்தைத் தருவது எதுவோ அதனடியில், ஒரே ஒரு இடத்தில். மெயினுக்கு அந்த இடம் டிரான்ஸ்போமர். யூபிஎஸ்ஸே மின்சாரம் தரும் நேரத்தில் அது யூபிஎஸ்ஸின் வெளியீடு. மெயின் திரும்பி வந்ததும் யூபிஎஸ் பக்கச் சேர்ப்பு தானாக அவிழ வேண்டும்.

இதற்கு நல்ல வழிகள் இரண்டு. ஒன்று, பெரிய இன்வேர்ட்டரிலும், சோலார், பற்றரி, மெயின் மூன்றையும் சேர்த்து இயக்கும் சோலார் ஹைபிரிட்டிலும் வரும் நியூட்ரல்-எர்த் ரிலே. பற்றரிக்கு மாறி, மெயினின் இரண்டு வயரும் கழன்றபின்தான் அது மூடும். மெயின் வருமுன் திறக்கும். சில மொடல்களில் இது அமைப்புப் பட்டியலில் அணைத்த நிலையில் இருக்கும், பூட்ட வந்தவரிடம் கேட்டு இயக்க வேண்டும். மற்றது, வெளியீட்டில் தனிச் சுற்றுள்ள ஐசொலேஷன் டிரான்ஸ்போமர். அதன் இரண்டாம் சுற்றுக்கும் மெயினுக்கும் கம்பித் தொடர்பு இல்லாததால் அங்கே நியூட்ரலை நிரந்தரமாக எர்த்தோடு சேர்க்கலாம். பாரமும் விலையும் கூட. ஆனால் ஆய்வுகூடம், வைத்தியசாலைக் கருவி போன்ற இடத்துக்கு நான் இதையே சொல்வேன்.

எந்த வழியென்றாலும் ஒழுங்கு முக்கியம்: யூபிஎஸ், அப்புறம் நியூட்ரல்-எர்த் சேர்ப்பு, அப்புறம் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச், அப்புறம்தான் பிளக்குகள். சேர்ப்பை ட்ரிப் சுவிச்சுக்குப் பிறகு போட்டால் அது வேலை செய்யாது, அல்லது ஓயாமல் விழும்.

பற்றரியில் பிரேக்கரை நம்ப முடியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. டிரான்ஸ்போமர் போல நூற்றுக்கணக்கான அம்பியரை யூபிஎஸ்ஸால் தள்ள முடியாது. ஷோர்ட் ஆனால் தன் அளவைவிட இரண்டு மூன்று மடங்கு கொடுத்துவிட்டு அணைந்துவிடும். பிரேக்கர் விழாமலே இருக்கும்.

பூட்டியாயிற்று. சரியாக வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

ட்ரிப் சுவிச்சில் உள்ள டெஸ்ட் பட்டனை மட்டும் நம்பாதீர்கள். அது ஃபேஸிலிருந்து நியூட்ரலுக்கு ஒரு சிறு தடை வழியாக மின்னோட்டத்தைக் கள்ளவழியில் விட்டுப் பார்க்கிறது. எர்த் ரொட் இல்லாவிட்டாலும், நியூட்ரல் மிதந்தாலும், பட்டனை அழுத்தினால் விழும். சுவிச்சின் பொறி நல்லாக இருக்கிறது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. அதற்காக அழுத்தாமல் விடவும் வேண்டாம்.

உண்மையான சோதனை, யூபிஎஸ்ஸைப் பற்றரியில் ஓடவிட்டு, வயர்மனிடமுள்ள ட்ரிப் சோதனைக் கருவியை வெளியீட்டுப் பிளக்கில் செருகி ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 30 மில்லி அம்பியர் விட்டுப் பார்ப்பது. 300 மில்லி செக்கனுக்குள் விழ வேண்டும். விழாவிட்டால் சேர்ப்பு இல்லை, அல்லது எர்த் இல்லை.

இதோடு ஒரு பழக்கம். பற்றரியைச் சோதிக்க யூபிஎஸ் பிளக்கைச் சுவரிலிருந்து இழுக்காதீர்கள். இழுத்தால் எர்த்தும் சேர்ந்து கழன்றுவிடும், கணினிகளின் உடம்பு எல்லாம் அந்தரத்தில் நிற்கும். 13 அம்பியர் சதுரக்கம்பிப் பிளக்கின் பக்கத்தில் சுவிச் இருக்கிறது. அதை அணையுங்கள், ஃபேஸ் போகும், எர்த் தொடரும்.

பாடசாலைக் கணினி அறையில் பழுதே இல்லை, ஆனாலும் ட்ரிப் சுவிச் விழுகிறது. ஏன்?

மேலே சொன்ன கொண்டென்சர்கள்தான். எல்லாம் நல்ல நிலையில் இருந்தாலும் ஒவ்வொரு கணினியும் யூபிஎஸ்ஸும் எர்த்துக்குக் கொஞ்சம் கசியும். பிளக்கில் செருகும் கருவி ஒன்றுக்கு 3.5 மில்லி அம்பியர் வரை அனுமதி உண்டு. நடைமுறையில் ஒன்று, ஒன்றரை. 30 மில்லி அம்பியர் சுவிச் 15க்கும் 30க்கும் இடையில் எங்கும் விழலாம். பதினைந்து கணினியை ஒரே சுவிச்சில் போட்டால் கரண்ட் திரும்பி வரும் நொடியில் எளிதில் விழும். இலங்கையில் பின்பற்றப்படும் பிரித்தானிய வயரிங் விதியான பிஎஸ் 7671, வழமையான கசிவு சுவிச்சின் அளவில் 30 வீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது, அதாவது 9 மில்லி அம்பியர். ஐந்தாறு கணினிக்கு ஒரு சுவிச் என்று பிரியுங்கள். சுவிச்சை வாங்கும்போது 'ஏ' வகையைக் கேளுங்கள். மலிவான 'ஏசி' வகை, மின்னணுக் கருவிகளின் துடிப்பு மின்னோட்டத்தைச் சரியாக உணராது. 30ஐக் கழற்றி 100 போடுவது தீர்வே இல்லை.

கணினிக்கென்று தனியாக 'சுத்தமான' எர்த் குழி வெட்டலாமா?

குழி வெட்டலாம், ஆனால் அதை வீட்டு எர்த்தோடு தடித்த வயரால் இணைத்தாக வேண்டும். இணைக்காமல் விட்டால் சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் வரும் இடிமின்னலில் அகப்படுவீர்கள். பக்கத்தில் மின்னல் விழும்போது இரண்டு ரொட்டுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான வோல்ட் தோன்றலாம். ஒரு பக்கம் யூபிஎஸ், மறுபக்கம் வலையமைப்பு வயர் வழியாக வரும் இன்னொரு எர்த். நடுவில் இருக்கும் கணினியின் பலகை கருகும். ஒரு கட்டடத்துக்கு ஒரே எர்த் என்று நினைத்துக்கொள்ளுங்கள், ரொட் எத்தனை இருந்தாலும்.

ஆடி, ஆவணியில் எர்த் 'செத்துவிடுகிறது' என்கிறார்கள். உப்புப் போடலாமா?

சோளகம் அடிக்கும் மாதங்களில் மேல்மண் காய்ந்து இறுகிவிடும். கிறவல் நிலத்திலும் முல்லைத்தீவு, மன்னார்க் கரையோர மணலிலும் குறுகிய ரொட்டின் தடை மாரியில் இருந்ததைவிடப் பல மடங்கு ஏறும். 30 மில்லி அம்பியர் சுவிச்சோடு விதிக்கணக்குப்படி 1667 ஓம் வரை தாங்கும்: தொடும் உடம்பில் நிற்கலாம் என்று விதி வைக்கும் எல்லையான 50 வோல்ட்டை 0.03 ஆல் பிரித்தால் அது வரும். ஆனால் 200 ஓமுக்கு மேல் போன எர்த்தை நிலையானது என்று கொள்ள முடியாது. யூபிஎஸ் வைத்த இடத்தில் இருபது முப்பதுக்குள் வைத்திருக்கப் பாருங்கள்.

உப்பு சில மாதங்களுக்குத் தடையைக் குறைக்கும். மழை அதைக் கழுவிவிடும், அதற்குள் ரொட்டையும் கிளிப்பையும் அரித்துவிடும். அதைவிட ஆழம் நல்லது: ஈரம் கோடையிலும் நிற்கும் ஆழத்துக்கு இறக்குங்கள். வவுனியாப் பக்கம் பாறை தட்டினால் இரண்டு மூன்று ரொட்டை, ஒரு ரொட்டின் நீளத்துக்குக் குறையாத இடைவெளியில் அடித்து இணையுங்கள். கிணற்றடித் தண்ணீர் ஓடிச் சேரும் வாழைப்பாத்தி ஓரம் நல்ல இடம். அளப்பதை ஆவணியில் செய்யுங்கள்; மார்கழியில் எந்த ரொட்டும் நல்ல எண்ணைத்தான் காட்டும்.

ஜெனரேட்டரும் இருக்கிறது. அதற்கு என்ன செய்வது?

கையில் தூக்கும் சிறு ஜெனரேட்டர்கள் பெரும்பாலும் மிதக்கும் வகை. வீட்டு வயரிங்குக்கு ஊட்டுவதென்றால் ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் இருமுனை மாற்றுச் சுவிச் வேண்டும். மூன்று ஃபேஸ் ஆலைக்கு நான்குமுனை. நியூட்ரல்-எர்த் சேர்ப்பு ஜெனரேட்டரடியில், மாற்றுச் சுவிச்சுக்கு முன்னால் இருக்க வேண்டும். சில யூபிஎஸ் ஜெனரேட்டரில் 'வயரிங் பிழை' விளக்கு காட்டுவதற்குக் காரணம் இந்தச் சேர்ப்பு இல்லாமைதான். இரண்டு பக்கமும் கம்பியுள்ள பிளக்கைச் சுவரில் குத்தி ஊட்டும் வழக்கத்தை அடியோடு விடுங்கள். கம்பத்தில் ஏறியிருக்கும் மின்சார சபைத் தொழிலாளியின் உயிர் அது.

பற்றரியின் நெகட்டிவ் முனையை எர்த் பண்ண வேண்டுமா?

தயாரிப்பாளரின் கையேடு சொன்னால் மட்டும். டிரான்ஸ்போமர் இல்லாத யூபிஎஸ் சிலவற்றில் பற்றரி முனைக்கும் மெயினுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 12 வோல்ட் பற்றரிதானே என்று ஓடும்போது தொடாதீர்கள், எர்த்தும் கொடுக்காதீர்கள்.

வாடகைக் கடை. எர்த்தே இல்லை. கணினியைத் தொட்டால் சுர்ரென்கிறது. இப்போதைக்கு என்ன செய்யலாம்?

அந்தச் சுர்ரென்பது கொண்டென்சர் கசிவு, எர்த் இல்லாததால் உங்கள் கை வழியாகப் போகிறது. மூன்று கம்பிப் பிளக்கை இரண்டு கம்பி அடப்டரில் செருகியிருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். மெயினில் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் இருக்கிறதா, பட்டனை அழுத்தினால் விழுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வீட்டுக்காரரிடம் பேசி அதையே முதலில் போடுங்கள். அப்புறம் ஒரு ரொட்டும், அதிலிருந்து மெயின் பெட்டி வரை பச்சை-மஞ்சள் வயரும். யூபிஎஸ் வாங்கும் செலவோடு ஒப்பிட்டால் சிறிய தொகை, ஒரு பகல் வேலை. அது முடியும்வரை ஒரு யூபிஎஸ்ஸுக்கு ஒரு கணினி என்று வையுங்கள். ஒன்றிலிருந்து பல மேசைக்கு இழுக்க வேண்டாம்.